சுண்ணாம்பு பட்டால் பச்சை

சிவப்பு ஒயின் போத்தலின் தக்கையை இழுத்தால் எனக்கு முதலில் வருவது திராட்சை வாசம் இல்லை, பூண்டு வாசம். பூண்டு, வசம்பு, சாம்பிராணிப் புகை, அதற்கடியில் பிள்ளை பெற்ற உடம்பின் வெதுவெதுப்பு. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கடையை விட்டே பத்து வருஷமாகிறது. ஆனாலும் எங்கேயாவது யாராவது ஒரு போத்தலைத் திறந்தால் போதும், அந்த வாசம் என் கழுத்தைப் பிடித்து ராஜபாளையத்து மாமியார் வீட்டு உள்ளறைக்குள் தள்ளிவிடுகிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும், எனக்கென்ன.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்குப் போகிற தெருவில் எனக்குச் சீமைச் சாமான் கடை இருந்தது. பிஸ்கட் டப்பா, சோப்பு, மெழுகுவத்தி, விளக்குச் சிம்னி, இவற்றோடு லைசன்ஸ் வாங்கி ஒயின் வகைகளும் விற்றேன். அந்தக் காலத்தில் ரயில் சாத்தூரோடு சரி. அங்கிருந்து வைக்கோல் பொதிந்த பெட்டிகளில், மாட்டுவண்டியில் போத்தல்கள் வந்து சேரும். வாங்குகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். மலைத்தோட்டத்துத் துரை, பூசைக்கு ஒயின் வாங்கும் மாதா கோவில் சாமியார், அஜீரணத்துக்கு என்று சொல்லி மடக்கிய குடைக்குள் செருகிக்கொண்டு போகும் கோர்ட்டு உத்தியோகஸ்தர்கள், டாக்டர் சீட்டோடு வரும் நோயாளி வீட்டுக்காரர்கள். அத்தனை பேருக்கும் எந்த ஊர் ஒயின் கொடுக்கிற காசுக்குத் தகும் என்று நான்தான் தேர்ந்து கொடுத்தேன். என் கையால் கொடுத்த சரக்கு மோசம் என்று ஒருத்தன் திரும்பி வந்ததில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன், ஆனால் பொய் இல்லை.

அவ்வளவும் ஒரு சொட்டுகூடக் குடித்துப் பார்க்காமல்.

என் அப்பா குடித்தே செத்தவர். அவர் காரியம் முடிந்த மறுநாள் அம்மா என்னைப் பிளவக்கல் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கும் கருப்பசாமிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். சூடம் ஏற்றினாள். “செத்தாலும் நாக்குல படவுட மாட்டேன்னு சொல்லி அணை” என்றாள். உள்ளங்கையை வைத்து அணைத்தேன். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. நாக்கில் படக்கூடாது என்றுதானே சத்தியம், விற்கக்கூடாது என்று யார் சொன்னது என்று, பிற்பாடு என்னைக் கேள்வி கேட்டவர்களிடம் நான் எரிந்து விழுவேன்.

குடிக்காதவன் ஒயினை எப்படித் தேர்ந்தெடுப்பான்? அதற்கு ஒரு வழி வைத்திருந்தேன். பக்கத்துக் கடை ராவுத்தர் துணி வியாபாரி. அவரிடம் வெள்ளை மல் துணியின் துண்டுகளை வாங்கிக்கொள்வேன். புதுப் பெட்டி வந்தால் ஒரு போத்தலைத் திறந்து, துண்டில் ஒரு கரண்டி ஊற்றி, கடைப் பின்கட்டுக் கொடியில் காயப்போடுவேன். நல்ல ஒயினின் கறை நடுவிலிருந்து ஓரம்வரை ஒரே சீராகக் காயும். சாயம் கலந்ததென்றால் ஓரத்தில் இன்னொரு நிறம் பிரிந்து வளையம் கட்டும். பிறகு வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு எடுத்துக் கறையில் ஒரு பொட்டு வைப்பேன். திராட்சைச் சாறு என்றால் அந்த இடம் பச்சையாக மாறும். சப்பங்கிக் கட்டைச் சாயம் என்றால் ரத்தச் சிவப்பாகப் பொங்கும். பட்டணத்தில் சர்க்கரைத் தண்ணீரில் சாராயத்தை ஊற்றிச் சாயம் போட்டு போர்ட் ஒயின் என்று விற்ற மகராசன்கள் எத்தனையோ பேர் என் கொடியில் மாட்டியிருக்கிறார்கள்.

ராவுத்தருக்கு இது பெரிய வேடிக்கை. “குடிக்காதவன் துணி குடுக்கான், குடிக்காதவன் கறை பாக்கான், குடிக்கிறவன் தலையில கட்டுதான். நல்ல யாவாரம்யா ஒமக்கு!” என்பார். நானும் சிரிப்பேன். அப்போதெல்லாம் எனக்குச் சிரிக்க வரும்.

பிரெஞ்சு தேசத்துக் கிளாரெட் மெல்லிசு. கார்த்திகையில் வாங்கித் தைக்குள் குடித்துவிட வேண்டும். நம் ஊர்ச் சித்திரை வெயில் பட்டால் காடியாகிவிடும். விலை மலிவென்று கோடையில் வாங்கியவன் ஏமாந்தான். போர்ச்சுகல் போர்ட் இனிப்பு, கெட்டி. திறந்த பிறகும் மாதக்கணக்கில் தாங்கும், ஆனால் நிஜச் சரக்கு ஆனை விலை. அதே இனிப்பு ஸ்பெயின் தேசத்துச் சிவப்பில் பாதி விலைக்குக் கிடைக்கும். பேர் இல்லாததால் மலிவு, அவ்வளவுதான். துரைக்கு அதைத்தான் கொடுத்தேன், மனிதர் கடைசிவரை அதைவிட்டு மாறவில்லை. ஆப்பிரிக்காவின் தென்முனையில், கேப் பக்கத்திலிருந்து வருவது பெட்டிக்குப் பெட்டி மாறும், நம்ப முடியாது. இத்தாலி ஒயின் சாமியாருக்கு. அவருக்கு விலை முக்கியமில்லை, திராட்சையைத் தவிர வேறெதுவும் அதில் இருக்கக்கூடாது. கடைக்கு வந்தால் நேரே பின்கட்டுக்குப் போய்த் துணியைப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். எல்லாவற்றிலும் மேலாக நான் நம்பியது ஆஸ்திரேலியாக் கறுஞ்சிவப்பை. அந்தக் கறை துணியில் நாவல்பழச் சாறு சிந்தியது போல ஆழமாக இறங்கும். வெயிலுக்கு அசையாது. டாக்டர்களும் ரத்தம் ஊற அதையே எழுதிக் கொடுத்தார்கள். கொடுக்கிற காசுக்கு அதைப்போல ஒரு சரக்கு கிடையாது.

இனி என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவள் ராஜபாளையத்துப் பெண். வாயாடி, பிடிவாதக்காரி, நாவல்பழப் பைத்தியம். ஆனி, ஆடியில் நாக்கைக் கருநீலமாக நீட்டிக்காட்டிச் சிரிப்பாள். அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. எங்கள் பக்கத்து வீடுகள் பலவற்றில் உள்ளதுதான். புருஷன் சாப்பிட்ட இலையில், அவன் சாப்பிட்ட பிறகுதான் பெண்சாதி சாப்பிடுவாள். மற்றவர்களுக்கு அது பழக்கம். இவளுக்கு உடம்பே அப்படி ஆகிப்போயிற்று. நான் தொடாத பண்டம் இவள் தொண்டையில் இறங்காது. ஒரு தரம் சாத்தூருக்குச் சரக்கெடுக்கப் போய் மறுநாள் மத்தியானம் திரும்பினேன். அதுவரை பச்சைத் தண்ணீரோடு இருந்திருக்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஏட்டி, கோட்டி பிடிச்சிருக்கா என்று கத்தினேன்.

“நான் என்ன செய்ய? நீங்க தின்னதுக்குப் பொறவு தின்னாத்தான் எனக்கு எறங்குது. முதல்ல உக்காந்து சாப்பிடுங்க. எனக்குப் பசி உசிரு போகுது” என்றாள்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போனாள். பெண் குழந்தை பிறந்தது, சுகமாகப் பிறந்தது. ஆனால் இவளுக்கு ரத்தம் நிற்க நேரமாகிவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது உதடு வெளுத்து, நகமெல்லாம் சுண்ணாம்பு பூசியது போல இருந்தது. சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டரை வண்டி வைத்து அழைத்து வந்தேன். அவர் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார்.

“காய்ச்சல் இல்ல, அது ஒரு நல்ல காலம். ஆனா ஒடம்புல ரத்தம் இல்ல. பாலும் கஞ்சியும் உள்ள போகணும். நல்ல செவப்பு ஒயின், வேளைக்கு ரெண்டு கரண்டி, மூணு வேளையும் குடுக்கணும். ஒமக்கு நான் சொல்லணுமா? நீர்தான் அதுல மன்னனாச்சே” என்றார்.

கடைக்குத் திரும்பி நான் தேர்ந்த தேர்வு எந்தத் துரைக்கும் தேர்ந்ததில்லை. போர்ட்டா, கறுஞ்சிவப்பா என்று ஒரு பகல் முழுக்க நாலு துணி காயவைத்துப் பார்த்தேன். ஆஸ்திரேலியாச் சரக்கின் கறைதான் ஓரம் வரை ஒரு பிசிர் இல்லாமல் காய்ந்தது. சுண்ணாம்பு வைத்த இடம் பாசி நிறத்துக்குப் போயிற்று. இரண்டு போத்தல்களைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வண்டியேறினேன்.

மாமியார் போத்தலைக் கண்டதும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். “டாக்டர் சொன்னா சரிதான் மாப்பிள, ஊத்திக் குடுத்திருதேன். ஆனா பக்கத்துல நிக்கமாட்டேன், எனக்குக் கொமட்டும்” என்றார்கள். ஒரு சின்ன டம்ளரில் இரண்டு கரண்டி ஊற்றி வைத்துவிட்டு வெளியே போனார்கள். நான் டம்ளரை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை.

“நீங்க குடிச்சீங்களா?”

“இது மருந்துட்டி.”

“மருந்தாவே இருக்கட்டும். கசாயம்னா நீங்க ஒரு மடக்குக் குடிச்சிட்டுத்தான தருவீங்க. இதையும் ஒரு வாய் குடிச்சிட்டுத் தாங்க.”

சத்தியம் செய்தது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டாள் என்றால், கேட்காமல் இருக்க அவளால் முடியவில்லை என்று அர்த்தம். இன்றைக்கு எனக்கு அது விளங்குகிறது. அன்றைக்கு எனக்குள் இருந்த சூடம் அணைத்த வீரன் எழுந்து உட்கார்ந்துகொண்டான். ஊரெல்லாம் என்னைக் குடியாத வியாபாரி என்று சொல்கிற சொல்லை இந்த இரண்டு கரண்டிக்கு விடுவதா? ஒரு பொய் சொன்னால் முடிந்தது என்று நினைத்தேன்.

“கடையிலேயே குடிச்சுப் பாத்துட்டுத்தான் கொண்டாந்தேன். ஒனக்காகத்தான். போதுமா?”

அவள் என்னையே பார்த்தாள். “கிட்ட வாங்க” என்றாள். குனிந்தேன். என் முகத்தோடு முகம் வைத்து மூச்சை இழுத்தாள். ஆசையில் செய்கிறாள் என்று நினைத்தேன், மடையன்.

“சரி, வச்சிட்டுப் போங்க. செத்த நேரம் கழிச்சுக் குடிக்கேன்” என்றாள்.

இரண்டு நாளைக்கு ஒரு தரம் போய் வந்தேன். போனதும் முதலில் போத்தலைத்தான் தூக்கிப் பார்ப்பேன். கணக்காகக் குறைந்திருக்கும். குடிச்சியா என்றால், குடிச்சேனே, போத்தலப் பாருங்க என்பாள். ஆனால் உதட்டில் ரத்தம் ஏறவில்லை. மாமியார் கொடுக்கும் கஞ்சியிலும் பாதி மிஞ்சியது. அதற்கென்ன, ஒயின் வேலை செய்யக் கொஞ்ச நாளாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு நாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒரு ஆசை வந்தது. எத்தனையோ ஆயிரம் போத்தல் என் கை வழியாகப் போயிருக்கிறது, நம் வீட்டு மனுஷி ஒருத்தி வாயால் அதன் ருசியைக் கேட்டதில்லையே.

“எப்படிட்டி இருக்கு அது?” என்று கேட்டேன்.

“நீங்கதான குடிச்சீங்க? நீங்க சொல்லுங்க.”

துரை ஒரு தரம் சொன்னதை நினைவில் தேடி எடுத்து, “புளிப்பும் தொவர்ப்புமா, கடைசியில கொஞ்சம் கசக்கும்” என்றேன்.

அவள் சிரித்தாள். சத்தமில்லாமல் சிரித்தாள். பிறகு சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பலவீனத்தில் திரும்புகிறாள் என்று போர்வையை இழுத்துவிட்டேன்.

பிள்ளை பிறந்த இருபத்து மூன்றாம் நாள் காலையில் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நான் மனுஷனாக இல்லை. பதினாறு முடிந்ததும் கடையைத் திறந்தேன், வியாபாரத்துக்கு அல்ல. அந்த ஒயின்தான் அவளைக் கொன்றது என்று என் மண்டைக்குள் ஏறிவிட்டது. நல்ல ஒயினாக இருந்தால் எழுந்திருப்பாளே! அந்தப் பெட்டியில் போலிப் போத்தல் கலந்திருக்கிறது, என் துணிக்கு அகப்படாத புதுச் சாயம் எதையோ பட்டணத்துக்காரன் போட்டிருக்கிறான். மிச்சம் இருந்த ஒன்பது போத்தலையும் திறந்து ஒன்பது துணி நனைத்தேன். ஒன்பதும் பச்சையானது. நம்பவில்லை. பெட்டி அனுப்பிய வியாபாரிக்கு, பெண்பாவம் சும்மா விடாது என்று எழுதிப் போட்டேன். ராவுத்தர் வந்து தோளைத் தொட்டார். கையைத் தட்டிவிட்டேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது, நல்ல மனிதர்.

அவள் குடித்த போத்தலில் ஒரு சொட்டு மிஞ்சியிருந்தால் போதும், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று ராஜபாளையத்துக்குப் போனேன். மாமியார் முற்றத்தில் குழந்தைத் துணிகளைத் துவைக்க உட்கார்ந்திருந்தார்கள். போத்தல் எங்கே அத்தை என்றேன்.

“அதை எதுக்கு மாப்பிள வச்சிருக்கணும்? அவ பண்டத்தோட ஆத்துல போட்டாச்சு.”

அப்படியே உட்கார்ந்தேன். அவர்கள் பக்கத்தில் துவைக்க வேண்டிய துணி மூட்டை கிடந்தது. குழந்தைக்கு விரிக்கவென்று பிரசவத்துக்கு முன்னால் நான் கொடுத்தனுப்பிய பழைய வேட்டிகள் அதில் இருந்தன. அப்பன் உடுத்திப் பழகிய மெல்லிசுத் துணியில்தான் பிள்ளையைக் கிடத்த வேண்டும் என்பது எங்கள் பக்கத்து முறை. மூட்டையின் அடியில் ஒரு வேட்டி நாலாய் எட்டாய் மடித்து, விறைத்துப்போய் இருந்தது. எடுத்து விரித்தேன்.

கறுஞ்சிவப்பு. மடிப்புக்கு மடிப்பு, வட்டத்துக்கு மேல் வட்டம். ஓரம் வரை ஒரு பிசிர் இல்லாமல் காய்ந்திருந்தது.

வெற்றிலைப் பெட்டி மடியில்தான் இருந்தது. ஒரு விரல் சுண்ணாம்பு எடுத்து, எச்சில் தொட்டுக் குழைத்து, கறையில் வைத்தேன். பச்சையாயிற்று. இன்னொரு வட்டத்தில் வைத்தேன். அதுவும் பச்சை. சுத்தமான சரக்கு. நான் தேர்ந்தது தப்பவில்லை. அந்த ஒரு நொடி எனக்கு நெஞ்சு நிறைந்து சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷமாகியும் அந்த நொடிக்காக என்னை நான் மன்னித்ததில்லை.

பிறகுதான் உறைத்தது. இவ்வளவு ஒயின் வேட்டியில் இருக்கிறது என்றால் அவள் வயிற்றில் என்ன இருந்தது?

“அத்தை, இது என்ன?”

மாமியார் தலை நிமிரவில்லை. துணியைக் கசக்கிக்கொண்டே சொன்னார்கள்.

“பாய்க்கு அடியில வச்சிருந்திருக்கா. ஒங்க வேட்டியாச்சேன்னுதான் ஆத்துல போடல. நான் டம்ளர வச்சிட்டு வெளிய போனதும் அதுல ஊத்திருவா போல. சாகுறதுக்கு மொத நாள்தான் எங்கிட்டச் சொன்னா. ‘வாயில வச்சாக் கொமட்டுதும்மா, உள்ள எறங்க மாட்டேங்குது. அவிய ஒரு வாய் குடிச்சிருந்தா எறங்கியிருக்கும். குடிச்சேன்னாவ. மோந்து பாத்தேன், வெத்தல வாசந்தான் அடிச்சுது’ன்னா.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லக்கூடாதுன்னுட்டா. ‘பாவம், அவியளுக்குச் சாமி சத்தியம் இருக்கு. எனக்காக மீறி அவியளுக்கு ஒண்ணு ஆயிட்டா பிள்ளைக்கு யாரு இருக்கா? நான் குடிச்சதாவே இருக்கட்டும்’னா. நான் என்ன செய்ய மாப்பிள?”

உள்ளே குழந்தை அழுதது. அவர்கள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்கள். நான் அந்த வேட்டியை மடித்து எடுத்துக்கொண்டேன்.

அந்த ஒயின் உள்ளே போயிருந்தால் பிழைத்திருப்பாளா? டாக்டரை அதற்குப் பிறகு எத்தனையோ தரம் தெருவில் பார்த்தேன். கேட்டதில்லை. பிழைத்திருப்பாள் என்றால் என்னால் தாங்க முடியாது. மாட்டாள் என்றால், அதுவும் எனக்கு உதவாது. அவள் சாகும்போது எனக்குத் தெரியாமல் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள் என்பது மாறிவிடுமா? கடையை இன்னும் இருபது வருஷம் நடத்தினேன். பிள்ளையை வளர்க்க வேண்டுமே. யாராவது போத்தலைக் கையில் எடுத்து இது எப்படி இருக்கும் என்று கேட்டால், எனக்குப் பின்னால், கொடிப்பக்கத்திலிருந்து அவள் குரல் முந்திக்கொள்ளும். நீங்கதான குடிச்சீங்க, நீங்க சொல்லுங்க. திரும்பிப் பார்ப்பேன். துணிகள் ஆடிக்கொண்டிருக்கும். வந்தவர்கள் காற்று என்று நினைத்திருப்பார்கள்.

அன்று அந்த வேட்டியோடு ராஜபாளையத்திலிருந்து திரும்பியதும் நேரே பின்கட்டுக்குப் போனேன். நான் திறந்துபோட்ட ஒன்பது போத்தல்கள் வரிசையாக நின்றன. ஒன்றை எடுத்து, ஒரு டம்ளரில் கணக்காக இரண்டு கரண்டி ஊற்றினேன். உள்ளங்கைத் தழும்பைப் பார்த்தேன். பிறகு ஒரு வாய் குடித்தேன். மலையும் இடியவில்லை, கருப்பசாமியும் வரவில்லை. இறங்க எத்தனை நேரம் ஆயிற்று? ஒரு மூச்சு இழுக்கிற நேரம். துரை சொன்ன புளிப்பு அதில் இல்லை, கசப்பும் இல்லை. நாக்கை நீட்டி, முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தேன். கருநீலமாக இருந்தது.

“நாவப்பழம் மாதிரி இருக்குட்டி” என்று சொன்னேன்.

மிச்சத்தை டம்ளரோடு பக்கத்தில் வைத்துவிட்டு, அவள் எடுத்துக்கொள்வாள் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.